ஆற்றுக் கதவில் ஒட்டும் ஐஸ்: விரட்ட எந்தச் சக்தி கைகொடுக்கும்?

அமெரிக்க-கனடிய எல்லையில் இருக்கும் சுப்பீரியர் ஏரியிலிருந்து இரும்புத்தாது ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்கு, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 15ஆம் தேதி வழி அடைக்கப்படும். மறுபடியும் திறப்பது மார்ச் 25ஆம் தேதி.

அடைக்கப்படும் இடம் 'சூ லாக்ஸ்'. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், செயின்ட் மேரிஸ் ஆற்றில் இருக்கிறது. அந்தப் பத்து வாரத்தில் பழுதுபார்ப்பு வேலைகளும் நடக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு முந்திய டிசம்பரிலும் திறந்த பிறகு வரும் முதல் சில வாரங்களிலும் அங்குள்ள ஊழியர்களுக்கு ஒரே போராட்டம்தான்: ஐஸ்.

அங்கிருக்கும் லாக்குகளில் பெரியது 'போ லாக்'. பெயர்தான் 'போ', ஜனவரியில் யாரையும் போக விடாது. 1,000 அடி நீளக் கப்பல்கள் நுழையக்கூடிய ஒரே லாக் அதுதான். அதேபோல் இன்னொன்றை இப்போது பக்கத்தில் கட்டி வருகிறார்கள். போ லாக் ஆறு மாதம் இயங்காமல் போனால் அமெரிக்காவில் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் வேலைகள் பறிபோகக்கூடும் என்று அந்நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2015இல் கணித்தது. இரும்புத்தாது வராவிட்டால் எஃகு இல்லை, எஃகு இல்லாவிட்டால் கார் இல்லை. கணக்கு அப்படிப் போகிறது.

"ஐஸ்தானே? சூடு காட்டினா கரைஞ்சிடப் போவுது" என்று நமக்குத் தோன்றலாம். ஆண்டு முழுக்க 30 டிகிரியில் வாழும் நமக்கு அப்படித்தான் தோன்றும். எவ்வளவு சூடு, எங்கிருந்து வரும் சூடு என்பதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

லாக் என்பது என்ன?

கப்பலுக்கான மின்தூக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் ஒரு பக்கம் நீர்மட்டம் உயரம், மறுபக்கம் தாழ்வு. நடுவில் கான்கிரீட் தொட்டி; இரு முனைகளிலும் பெரிய இரும்புக் கதவுகள். கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடுவார்கள். தொட்டியில் தண்ணீரை விட்டால் கப்பல் உயரும், வெளியேற்றினால் இறங்கும். சூ லாக்ஸில் அந்த உயர வேறுபாடு சுமார் 6.4 மீட்டர். தண்ணீரை ஏற்றி இறக்க பம்பு எதுவும் தேவையில்லை. புவியீர்ப்பே பார்த்துக்கொள்கிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பி, இல்லினாய் ஆறுகளிலும் இப்படிப்பட்ட லாக்குகள் வரிசையாக உண்டு. அங்கே போவது கப்பல் அல்ல, பார்ஜ் எனப்படும் தட்டையான சரக்குப் படகு. சிங்கப்பூர் ஆற்றில் அந்தக் காலத்தில் ஓடிய தொங்கானின் பிரம்மாண்டமான உறவினர் என்று சொல்லலாம். சோளம், சோயா, உரம், சாலையில் தூவும் உப்பு எல்லாம் அதில்தான் போகும். மேல் மிசிசிப்பியில் குளிர்காலத்தில் போக்குவரத்து நின்றுவிடும். இல்லினாய் நீர்வழியிலோ உறைபனியிலும் படகு ஓடும்.

ஐந்தடிதான் இடைவெளி

பிரச்சினையைப் புரிந்துகொள்ள இரண்டு எண்கள் போதும்: 110, 105.

போ லாக்கின் அகலம் 110 அடி. அதில் நுழையும் மிகப் பெரிய கப்பலின் அகலம் 105 அடி. மிசிசிப்பியிலும் அதே கதை. பெரும்பாலான லாக்குகள் 110 அடி அகலம். ஒரு பார்ஜ் 35 அடி. மூன்றை அருகருகே கட்டினால் 105 அடி. ஆக, இரு பக்கமும் மிஞ்சுவது தலா இரண்டரை அடி.

இப்போது குளிரைச் சேர்த்துப் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் ஏறும்போது சுவர் நனைகிறது. இறங்கும்போது, நனைந்த சுவர் பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரி குளிர்க்காற்றில் நிற்கிறது. மெல்லிய ஐஸ் படலம் ஒன்று ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை இன்னொரு படலம். மெழுகுவத்தி செய்யும்போது திரியை மறுபடி மறுபடி மெழுகில் முக்கி எடுப்பார்களே, அதே மாதிரிதான். சில நாளில் சுவரைச் சுற்றி ஒரு கழுத்துப்பட்டை போல ஐஸ் வளர்ந்துவிடும். போதாக்குறைக்குக் கப்பல் தன் முன்னே தள்ளிக்கொண்டு வரும் உடைந்த ஐஸ் துண்டுகளும் சுவரோடு நசுங்கி அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு பக்கமும் இரண்டரை அடி ஐஸ் சேர்ந்தால் போதும், கப்பலுக்கு இடமில்லை. பார்ஜ் என்றால் மூன்று வரிசையைப் பிரித்து இரண்டிரண்டாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். நேரம், எரிபொருள், கூலி எல்லாம் கூடும்.

கதவுகளின் நிலை வேறு. அவை திறக்கும்போது சுவரில் இருக்கும் ஒரு குழிவுக்குள் மடங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் குழிவில் ஐஸ் துண்டுகள் மாட்டிக்கொண்டால் கதவு முழுதாகத் திறக்காது. பக்கத்திலிருக்கும் அணையின் மதகுகளிலும் தொல்லைதான். ஓரத்து ரப்பர் பட்டை வழியே கசியும் தண்ணீர் உறைந்து, மதகைத் தூணோடு சேர்த்துப் பசை போட்டதுபோல் ஒட்டிவிடும். மதகை அசைக்க முடியாவிட்டால் ஆற்றின் நீர்மட்டம் கையை விட்டுப் போய்விடும்.

இதற்கெல்லாம் பழைய மருந்து என்ன? நீண்ட கொக்கிக் கம்பு, நீராவிக் குழாய், மண்வாரி இயந்திரம். வழுக்கும் சுவர்மேல், உறையும் தண்ணீருக்கு மேலே, மனிதர்கள் நின்று செய்யும் வேலை. நீராவி வேண்டுமென்றால் கொதிகலனில் எரிபொருள் எரிய வேண்டும். மாற்றுச் சக்தி பற்றிய பேச்சு எழுந்ததற்கு எண்ணெய் விலை மட்டும் காரணமில்லை. அந்த ஆட்களைச் சுவரிலிருந்து இறக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

கரைப்பது ஏன் இவ்வளவு செலவு?

0 டிகிரியில் இருக்கும் 1 கிலோ ஐஸை, அதே 0 டிகிரியில் 1 கிலோ தண்ணீராக மாற்ற 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுத்திருந்தால் 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாகியிருக்கும். தேத்தண்ணி போடும் அளவுக்கு! ஆனால் ஐஸோ ஒரு டிகிரிகூட ஏறாமல் அத்தனையையும் விழுங்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மிசிசிப்பி லாக் ஒன்று, 183 மீட்டர் நீளம். இரு பக்கச் சுவர்களிலும் 2 மீட்டர் உயரத்துக்கு, 30 சென்டிமீட்டர் தடிமனில் ஐஸ் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 200 டன். முழுதாகக் கரைக்க ஏறக்குறைய 18,600 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு வீவக வீட்டில் மாதம் 400 யூனிட் செலவாகிறது என்றால், அது கிட்டத்தட்ட 4 ஆண்டுக்கான மின்சாரம். கரைத்து முடித்த மறுவாரமே ஐஸ் திரும்ப வந்து நிற்கும்.

இப்போது அதே சுவரை வேறு மாதிரி பார்ப்போம். ஐஸை முழுதாகக் கரைக்க வேண்டாம். சுவரும் ஐஸும் ஒட்டியிருக்கும் இடத்தில் 1 மில்லிமீட்டரை மட்டும் கரைத்தால்? பிடி விட்டுப்போகும், ஐஸ் பாளம் தன் எடையிலேயே சரிந்து தண்ணீரில் விழும். அதற்குத் தேவை சுமார் 62 யூனிட். அதே வீவக வீட்டின் ஐந்து நாள் மின்சாரம். 300 மடங்கு வித்தியாசம்!

உண்மையான சுவரில் இவ்வளவு சுலபமாக நடக்காது. குளிர்ந்த கான்கிரீட் பாதிச் சூட்டுக்குமேல் உறிஞ்சிக்கொள்ளலாம். அதனால்தான் சூடேற்றும் தகட்டுக்குப் பின்னால் வெப்பத்தடுப்புப் பலகை வைக்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் இந்த இடைவெளி ரொம்பப் பெரியது.

நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலும் இதே தந்திரம்தான். முன்பெல்லாம் உறைபெட்டியில் ஐஸ் மலைபோல் வளரும், கரண்டியால் சுரண்டுவோம். இப்போது வரும் பெட்டிகளில் குளிர்க்குழாயை ஒட்டி ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது. அவ்வப்போது சில நிமிடம் மட்டும் வேலை செய்யும். உள்ளே இருக்கும் மீன் உருகாது, குழாயில் படிந்த பனி மட்டும் உருகும்.

ஆக, 'எந்தச் சக்தி?' என்ற கேள்விக்கு முன்னால் 'எந்த இடத்தில்?' என்ற கேள்வி நிற்கிறது. சூரியன், காற்று, நிலத்தடி வெப்பம் ஆகியவற்றால் மொத்த ஐஸையும் கரைக்க நினைத்தால் எதுவுமே கட்டுப்படியாகாது. ஒட்டுமிடத்தில் மட்டும் கொஞ்சம் இளஞ்சூடு போதும் என்றால், இவற்றில் சில நன்றாகவே பொருந்தும்.

காலுக்கடியில் இருக்கும் 10 டிகிரி

என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலில் முதலிடம் நிலத்தடி நீருக்குத்தான்.

நிலத்துக்குக் கீழே சில பத்து மீட்டர் ஆழத்தில், நீரின் வெப்பநிலை கோடையிலும் குளிரிலும் அதிகம் மாறாது. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். அயோவா, இல்லினாய் மாநிலங்களுக்கு நடுவே மிசிசிப்பி ஓடும் பகுதியில் அது 10 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். நமக்கு அது குளிர், ஐஸுக்கு நெருப்பு.

10 டிகிரியில் இருக்கும் 1 கிலோ நீர் 0 டிகிரிக்குக் குளிரும்போது 42 கிலோஜூல் வெப்பத்தைத் தருகிறது. 8 கிலோ நீர் 1 கிலோ ஐஸைக் கரைக்கும். அந்த நீரை 30 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவர, பம்பின் திறன் பாதிதான் என்று வைத்தாலும் கிலோவுக்கு 0.6 கிலோஜூல்தான் செலவாகும். 1 யூனிட் மின்சாரம் போட்டால் 70 யூனிட் வெப்பம் கையில் வருகிறது. வீட்டைச் சூடேற்றும் நல்ல வெப்ப பம்புகூட 3, 4 யூனிட்தான் தரும்.

அதிலும் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கில் ஆற்றங்கரை முழுக்க மணலும் சரளையும். கிணறு தோண்டினால் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும்.

அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் இதைச் செய்யவில்லை? முதல் காரணம், அந்த நீரைச் சுவர்மேல் சும்மா பீய்ச்சி அடிக்க முடியாது. மெல்லிய படலமாக ஓடும் தண்ணீர் கடுங்குளிரில் தானே உறைந்து ஐஸைக் கூட்டிவிடும். சுவருக்குள்ளோ கதவின் உட்கூட்டிலோ குழாய் வழியே ஓடவிட வேண்டும். பல பத்தாண்டு வயதான கான்கிரீட்டில் புதிதாகக் குழாய் பதிப்பது பெரிய வேலை. இரண்டாவது, ஆற்றங்கரைக் கிணற்றிலிருந்து அளவுக்கு மீறி இறைத்தால் ஆற்று நீரே மண் வழியாக ஊடுருவி வரும். குளிர்காலம் நீள நீள, கிணற்று நீரும் குளிர்ந்துகொண்டே போகும். வடக்கே சூ லாக்ஸ் பக்கம் நிலத்தடியே இன்னும் குளிர்ச்சி. ஒரு லிட்டரில் கிடைக்கும் வெப்பமும் குறைவு.

இந்த யோசனையைச் சாலையில் செய்து பார்த்த நாடு ஜப்பான். நீகாத்தா மாநிலத்தின் நாகவோகா நகரில், சாலை நடுவே குழாய் பதித்து நிலத்தடி நீரைத் தெளித்துப் பனியைக் கரைக்கும் முறை 1960களில் பரவியது. இன்றும் நடக்கிறது. நீரில் கலந்திருக்கும் இரும்பினால் சாலைகள் துருப்பிடித்ததுபோல் செந்நிறமாகிவிட்டன. அது பரவாயில்லை, அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் நிலமே தாழ்ந்தது. இலவச வெப்பத்துக்கும் பில் வரும்!

மின்சாரமே வேண்டாத குழாய்

நிலத்தின் வெப்பத்தைத் தண்ணீர் இல்லாமலும் மேலே கொண்டுவரலாம். இரு முனையும் மூடிய குழாய். உள்ளே கொஞ்சம் அம்மோனியா. அடி முனை சூடானால் அம்மோனியா ஆவியாகி மேலே போகும். மேல் முனையில் குளிர்ந்து, வெப்பத்தை விட்டுவிட்டு, திரவமாகிக் கீழே வழியும். மோட்டார் இல்லை, சுவிட்சும் இல்லை.

1977இல் இயங்கத் தொடங்கிய அலாஸ்கா எண்ணெய்க் குழாய்வழியின் தூண்களில் இப்படி 1 லட்சத்து 20,000க்கும் மேற்பட்ட குழாய்கள் நிற்கின்றன. அங்கே நோக்கம் நேர்மாறு: உறைநிலம் இளகிவிடாமல் இருக்க, அதன் வெப்பத்தை உறிஞ்சிக் குளிர்காற்றில் விடுவது. அதே குழாயின் மேல் முனையைக் காற்றில் விடாமல் மதகின் ஓரத்தில் பதித்தால், நிலத்து வெப்பம் அங்கே வந்து சேரும். கிடைப்பது சிறிய அளவு வெப்பம்தான். ஆனால் வெளியே குளிர் கூடக் கூட, தானாகவே அதிகம் வேலை செய்யும். அதுதான் அழகு.

சூரியன், காற்று, ஆறு

சூரிய சக்தி என்றதும் நமக்கு உற்சாகம் வரும். சூ லாக்ஸ் இருக்கும் இடத்தில் டிசம்பர் மாத நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 20 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பகல் நீளம் எட்டரை மணி நேரம். பெரிய ஏரியின் பக்கம் என்பதால் மேகமும் அதிகம். ஐஸ் வேகமாக வளர்வதோ மேகமற்ற, நீண்ட இரவுகளில். வேண்டிய நேரத்தில் வராத நண்பன் மாதிரி. கொஞ்சம் தெற்கே, தென்திசை பார்த்த இரும்புக் கதவுக்குக் கறுப்புச் சாயம் பூசுவது போன்ற எளிய வழிகளுக்குச் சூரியன் உதவும்.

காற்றாலைக்கு வேறு வேலை இருக்கிறது. கதவுக் குழிவுகளில் ஐஸ் துண்டுகள் தங்காமல் இருக்க, அடியிலிருந்து காற்றைப் பலமாக ஊதி நீரோட்டத்தை உண்டாக்குவார்கள். குமிழிகள் மேலே வரும்போது ஐஸைத் தள்ளிவிடும். இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. குமிழி விட்டால் அடியிலிருக்கும் வெதுவெதுப்பான நீர் மேலே வந்து ஐஸைக் கரைக்கும் என்பார்கள். அசையாத ஏரியில் அது சரி. தண்ணீர் மிகவும் கனமாக இருப்பது 4 டிகிரியில், அதனால் ஏரியின் அடியில் 4 டிகிரி நீர் தங்கியிருக்கும். ஓடும் ஆற்றில் மேலும் கீழும் கலந்து, அடிவரை எல்லாமே ஏறக்குறைய 0 டிகிரி. அங்கே குமிழி கரைக்காது, தள்ளும். காற்று அமுக்கியை ஓட்டக் காற்றாலை மின்சாரம் பயன்படலாம். ஆனால் மிகக் கடுங்குளிரான இரவுகள் பல நேரம் காற்றே இல்லாத இரவுகளாகவும் இருக்கும். காற்றாலையை மட்டும் நம்பி லாக்கை நடத்த முடியாது.

மிஞ்சுவது ஆறு. நீர்மட்ட வேறுபாடு இருக்கும் இடத்தில்தான் லாக்கே கட்டுவார்கள். அதே வேறுபாட்டில் மின்சாரமும் எடுக்கலாம். ஐஸ் கரைக்கும் கணக்கில் பார்த்தால் நீர்வீழ்ச்சி பாவம்தான். 1 கிலோ ஐஸைக் கரைக்கும் அளவு சக்தி வேண்டுமானால் 1 கிலோ நீர் 34 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும், எவரெஸ்ட்டைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு! சூ லாக்ஸின் 6.4 மீட்டரில் 5,000 லிட்டருக்கு மேல் விழுந்தால்தான் 1 கிலோ கரையும். ஆனால் செயின்ட் மேரிஸ் ஆற்றில் விநாடிக்குச் சுமார் 2,000 கனமீட்டர் நீர் ஓடுகிறது. சூ லாக்ஸ் வளாகத்திலேயே அரசாங்க நீர்மின் நிலையம் ஒன்று உண்டு. அதன் மின்சாரம் முதலில் லாக்குகளுக்கு, மிச்சம் விற்பனைக்கு. இரவு, மேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிறர் வீணாக்கும் சூட்டையும் பயன்படுத்தலாம். இல்லினாய் மாநிலத்தில் டிரெஸ்டன் அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் குளத்திலிருந்து வெதுவெதுப்பான நீரைக் குழாய் வழியே காங்கக்கீ ஆற்றில் விடுகிறார்கள். ஐஸ் அடைத்துக்கொண்டு வில்மிங்டன் நகர்ப்பக்கம் வெள்ளம் வராமல் இருக்கத்தான். ஐஸ்லந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கிலும் வீடுகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும் 35 டிகிரி நீர்தான் நடைபாதைப் பனியை உருக்குகிறது. பக்கத்தில் ஆலை இருந்தால் அருமை. ஆலையை மூடிவிட்டால்? லாக் அங்கேயேதான் இருக்கும், சூடு இருக்காது.

சக்தியே செலவழிக்காத வழி

அமெரிக்க ராணுவப் பொறியாளர் படைதான் இந்த லாக்குகளை நடத்துகிறது. நியூ ஹேம்ப்ஷியர் மாநிலத்தின் ஹேனோவரில் 1961 முதல் இயங்கும் அதன் குளிர் வட்டார ஆய்வுக்கூடம், சூடேற்றும் வழிகளோடு சூடே தேவைப்படாத வழிகளையும் சேர்த்தே ஆராய்ந்து வந்திருக்கிறது. ஐஸ் எளிதில் ஒட்டாத பூச்சு, சுவரில் பொருத்தும் வழவழப்பான பிளாஸ்டிக் பலகை போன்றவை.

இன்னொன்று இன்னும் எளிது. படகு வராத நேரத்தில் தொட்டியை நிரம்பவே வைத்திருப்பது. 0 டிகிரித் தண்ணீர், பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி காற்றைவிட 20 டிகிரி சூடு! தண்ணீருக்குள் இருக்கும்வரை சுவர் அதிகம் குளிராது, ஐஸும் வேகமாக வளராது. அடுத்த படகு கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தால் மட்டும் தொட்டியைக் காலி செய்ய வேண்டியிருக்கும். கூடுதலாகக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு படகு நிறுவனத்துக்கு அந்தக் காத்திருப்பும் காசுதான்.